பழைய அலுமாரிக்குப் புதிய பூச்சு

இலண்டன் மாநகரில் மாதக் கடைசி என்பது வீடு மாறும் காலம். ஈஸ்ற்ஹாம், ரூட்டிங், வெம்பிளி, வோல்தம்ஸ்ரோ என எம்மவர் செறிந்து வாழும் பகுதிகளில் அந்நாட்களில் நடந்து செல்வோர், வீட்டு வாயில்களுக்கு முன்னால் அலுமாரிகளும் புத்தகத் தட்டுகளும் லாச்சிப் பெட்டிகளும் மழையில் நனைந்தபடி நிற்பதைக் காண்பர். அவற்றுட் பெரும்பாலானவை முழு மரத்தால் ஆனவை அல்ல. மரத்தூளையும் மரச்சீவலையும் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையின் மேல், மரத்தின் வரிகளை அச்சிட்ட மெல்லிய தகடொன்றை ஒட்டிச் செய்தவை. வணிகர் இத்தகட்டை லமினேற் என்பர். சில ஆண்டுகளிற் பொலிவிழந்து, ஓரங்கள் உரிந்து, தெருவுக்கு வந்துவிடுவது இத்தளபாடத்தின் விதியாக உள்ளது.

அதே தெருவின் மறுகோடியில், நேற்றுத்தான் குடிவந்த குடும்பமொன்று ஓர் அலுமாரிக்காகத் தவணைக் கடன் பத்திரத்தை நிரப்பிக் கொண்டிருக்கவும் கூடும். தெருவில் நிற்கும் அலுமாரியின் உடல் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. கெட்டுப்போனது அதன் மேற்றோல் மட்டுமே. அத்தோலை மாற்றும் வழி ஒன்று உண்டு. சோக் பெயின்ற் என இங்கு விற்கப்படும் வெண்கட்டிப் பூச்சே அது. எவ்வாறு அதனைப் பயன்படுத்துவது, எங்கே அது ஏமாற்றும், எவருக்கு அது உதவும் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

வெறும் வீட்டின் கணக்கு

அகதி அந்தஸ்து வழங்கப்பட்டதென்ற கடிதம் வரும் நாள், எம்மவர் வீடுகளில் நேர்த்திக்கடன் நிறைவேறும் நாளாகும். ஆயின் அதே கடிதம் மற்றொரு காலக்கெடுவையும் தொடக்கி வைக்கிறது. அரசு தந்த தங்குமிடத்தையும் அதிலிருந்த கட்டில், மேசை அனைத்தையும் சில வாரங்களுக்குள் விட்டு நீங்க வேண்டும். அதன் பின்னர், நெடுநாள் அலைந்து கவுன்சில் மூலமோ வீடமைப்புச் சங்கம் மூலமோ ஒரு வீடு கிடைத்தாலும், அது பெரும்பாலும் வெறும் வீடாகவே இருக்கும். தரைவிரிப்புக் கூட இராது.

முன்னர் இத்தகைய குடும்பங்கள் மத்திய அரசின் சமூக நிதியத்திலிருந்து கட்டில், மெத்தை, அடுப்பு முதலியவற்றுக்கு மானியம் கோர முடிந்தது. 2013 ஏப்ரலில் அம்மானியம் நிறுத்தப்பட்டு, இங்கிலாந்தில் அப்பொறுப்பு உள்ளூராட்சி சபைகளிடம் விடப்பட்டது. அன்றிலிருந்து உதவியின் அளவும் விதிகளும் சபைக்குச் சபை வேறுபடுகின்றன. ஒரு சபை பழைய தளபாடம் வழங்கும். மற்றொன்று படிவம் மட்டும் வழங்கும்.

இந்த இடைவெளியிற்றான் தவணைக் கடைகள் செழித்தன. பிறைற்ஹவுஸ் என்ற கடைத்தொடரை இலண்டனில் நெடுங்காலம் வாழ்ந்தோர் நன்கறிவர். வாரம் சில பவுண் கட்டினாற் போதும் என்ற அறிவிப்பு ஏழைக் குடும்பங்களை ஈர்த்தது. தவணை முடியும்போது கட்டிய மொத்தத் தொகை பொருளின் விலையைப் பன்மடங்கு தாண்டிவிடுவதும் உண்டு. 2017 ஒக்ரோபரில், 249,000 வாடிக்கையாளர்களுக்கு 14.8 மில்லியன் பவுணைத் திருப்பிக் கொடுக்க அந்நிறுவனம் நிதி ஒழுங்குமுறை ஆணையத்துடன் உடன்பட நேர்ந்தது. இவ்வகைத் தவணை விற்பனையில் கடனுக்கான கட்டணம் பொருளின் விலைக்கு மேற் செல்லலாகாது என்ற உச்சவரம்பு 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2020 மார்ச் இறுதியில் பிறைற்ஹவுஸ் நொடித்துப் போயிற்று. கடை மறைந்தது, தேவை மறையவில்லை. இன்று அதே தேவை கடனட்டையையும், பொருளை முன்னரும் பணத்தைப் பின்னரும் என்னும் புதிய முறைகளையும் நாடிச் செல்கிறது.

ஆகவே, ஒரு பழைய அலுமாரியைப் புதுப்பிப்பதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கருதலாகாது. முதல் வீட்டைக் கடனின்றித் தொடங்குவதா, கடனுடன் தொடங்குவதா என்ற கேள்வியும் அதில் அடங்கியுள்ளது.

கைமாறிய பொருளும் கௌரவமும்

எம்மவரிடையே ஒரு தயக்கம் உண்டு. "ஆரோ கழிச்ச சாமான் எங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்போரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். பிறந்தநாளுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் வருவோர் எமது வரவேற்பறையைப் பார்த்து என்ன நினைப்பர் என்ற அச்சமே இதன் அடிப்படை. ஊரில் எமது மனநிலை இவ்வாறு இருக்கவில்லை. பாட்டனார் முதிரையிற் செய்வித்த கட்டிலிற் பேரப்பிள்ளைகள் உறங்கினர். சாய்மனைக்கதிரையின் துணி கிழிந்தாற் புதுத்துணி கட்டினோம், கதிரையை எறியவில்லை. பழைய பொருள் குடும்பத்தின் பெருமையாகவே கருதப்பட்டது.

எமது வீட்டுப் பொருள்களின் பெயர்களே கைமாறி வந்தவை என்பதும் எண்ணத்தக்கது. அலுமாரி, மேசை, கதிரை, வாங்கு என்ற சொற்களைப் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றோம். லாச்சி ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். ஆட்சிகள் போயின. சொற்களையும் பொருள்களையும் நாம் எமதாக்கிக் கொண்டோம்.

இலண்டனின் தளபாடத் தொழிலும் வந்தேறிய மக்களின் கையால் வளர்ந்ததே. ரொட்டன்ஹாம் ஹேலில் இயங்கிய ஹரிஸ் லீபஸ் தொழிற்சாலை, ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய தளபாடத் தொழிற்சாலை எனப் பேசப்பட்டது. அக்குடும்பத்தின் மூதாதை, பிறெஸ்லவ் நகரிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்த ஒரு யூதத் தச்சர். இன்றும் மதிப்புடன் வாங்கப்படும் ஏர்கோல் தளபாடங்களை 1920இல் ஹை விக்கம் நகரிற் செய்யத் தொடங்கிய லூசியன் எர்கொலானி, சிறுவனாகப் பெற்றோருடன் இத்தாலியிலிருந்து வந்தவர். ஹிட்லரின் ஜேர்மனியை நீங்கி 1935இல் இலண்டன் வந்து சேர்ந்த மார்செல் புறோயர், இங்கிருந்த சொற்ப காலத்தில் ஐசோகொன் நிறுவனத்துக்காக வளைத்த ஒட்டுப்பலகையிற் செய்வித்த சாய்கதிரை இன்று அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது.

வீடிழந்தோருக்குத் தளபாடம் வழங்குவதும் இந்நகருக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது மரம் அரிதாகிவிட, 1942இல் அரசு பயன்பாட்டுத் தளபாடத் திட்டமொன்றை ஆரம்பித்தது. குறிப்பிட்ட சில எளிய வடிவங்களில் மட்டுமே தளபாடம் செய்யலாம் என விதிக்கப்பட்டது. குண்டுவீச்சில் வீடிழந்தோருக்கும் புதிதாக மணமானோருக்குமே அவற்றை வாங்க அனுமதிச்சீட்டு வழங்கப்பட்டது. 1952 வரை அத்திட்டம் நீடித்தது. அக்காலத்தில் இலண்டன்வாசிகள் எவரும் எளிய அலுமாரியைக் கண்டு நாணவில்லை. நாம் ஏன் நாண வேண்டும்?

லமினேற் என்பது யாது?

பூச வேண்டிய பொருளின் இயல்பை அறியாது பூச முற்படுவோர் பெயின்றையும் உழைப்பையும் ஒருங்கே இழப்பர். ஆதலால் முதலில் லமினேற்றின் கதையைச் சுருக்கமாக அறிந்து கொள்வோம்.

1912இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில், வெஸ்ரிங்ஹவுஸ் மின்சார நிறுவனத்திற் பணிபுரிந்த டானியல் ஓகொனர், ஹேபேர்ட் பேபர் என்னும் இருவர், மின்கருவிகளிற் காவற்பொருளாகப் பயன்பட்ட மைக்காவுக்குப் பதிலாக ஒரு பொருளை உருவாக்கினர். மைக்கா என்பது தமிழில் அப்பிரகம், காக்காப்பொன் என வழங்கப்படும் கனிமம். நெல்லூரிலிருந்தும் வட இந்தியச் சுரங்கங்களிலிருந்தும் அது உலகெங்கும் ஏற்றுமதியாயிற்று. அந்த மைக்காவுக்கு மாற்று என்ற பொருள்படவே புதிய பொருளுக்குப் போர்மைக்கா என்று பெயரிட்டனர். தமிழ்நாட்டிற் சன்மைக்கா என்றும் வெறுமனே மைக்கா என்றும் மேசைத் தகட்டை அழைப்பதில் அந்தப் பழைய கனிமத்தின் பெயர் இன்றும் வாழ்கிறது.

பிசினில் ஊறிய கடதாசித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரே தகடாக்குவதே இதன் செய்முறை. மேலுள்ள தாளில் மரவரியையோ வேறு கோலத்தையோ அச்சிட்டு, அதன் மேல் மெலமைன் பிசின் ஏற்றுவர். மெலமைன் கடினமானது, நீரையும் எண்ணெயையும் உள்ளே விடாது. மேசையாக இருக்கும்வரை இதுவே அதன் சிறப்பு. பெயின்ற் பூச வரும்போது அதுவே தடை. மரத்திற் பூச்சு நுண்துளைகளுட் புகுந்து வேரூன்றுகிறது. மெலமைனில் அத்தகைய துளைகள் இல்லை.

வீடுகளில் நாம் காணும் தளபாடங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். சமையலறை மேசைகளிற் காணப்படும் தடித்த, கடினத் தகடு முதலாவது. 1987இல் வோறிங்ரனிலும் 1988இல் வெம்பிளிக்கு அருகே நீஸ்டனிலும் கடை திறந்த ஐக்கியா போன்ற நிறுவனங்களின் மலிவான அலுமாரிகளில், மரத்தூள் பலகையின் மேல் நேரடியாகப் படிய வைத்த மெல்லிய மெலமைன் தாள் இரண்டாவது. வளைந்த ஓரங்களைச் சுற்றிப் போர்த்திய பிளாஸ்ரிக் படலம் மூன்றாவது. முதலிரண்டையும் உரிக்க முற்படலாகாது. அவற்றின் மேலேயே பூச வேண்டும். மூன்றாவது ஏற்கெனவே உரியத் தொடங்கியிருந்தால், தலைமயிர் உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடாக்கி முற்றாக உரித்துவிடுவது நன்று. உள்ளே இருக்கும் பலகை முதற்பூச்சை நன்கு ஏற்கும்.

வெண்கட்டிப் பூச்சு

1990இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த அனி ஸ்லோன் என்னும் ஓவியர் இப்பூச்சை அறிமுகம் செய்தார். பழைய தளபாடங்களிற் காணும் ஒளிராத மேற்பரப்பை எளிதிற் பெறுவதே அவரது நோக்கம். சோக் பெயின்ற் என்பது அவரது நிறுவனத்தின் வணிகப் பெயர். பின்னர் வேறு பல கம்பனிகளும் இதே வகைப் பூச்சை வெவ்வேறு பெயர்களிற் செய்யத் தொடங்கின. உலர்ந்தபின் வெண்கட்டியால் எழுதிய கரும்பலகையைப் போல மங்கலான, மென்மையான தோற்றம் தருவதால் இப்பெயர் பொருத்தமாயிற்று. நீர் கலந்த பூச்சாதலால் மணம் குறைவு. தூரிகையைத் தண்ணீரிலேயே கழுவலாம். ஒரே அறையிற் குழந்தைகளுடன் வாழும் குடும்பங்களுக்கு இது சிறிய வசதியன்று.

தேய்க்க வேண்டியதில்லை, முதற்பூச்சு வேண்டியதில்லை என்பதே இவ்வகைப் பூச்சுகளின் பெரும் விளம்பரம். மரத்தைப் பொறுத்தவரை அதிற் பேருண்மை உண்டு. லமினேற்றைப் பொறுத்தவரை அதனை அப்படியே நம்பலாகாது. பூசிய அன்று அழகாகவே தோன்றும். ஒரு மாதம் கழித்து, லாச்சியின் விளிம்பிலும் கைபிடியைச் சுற்றியும் நகம் பட்ட இடமெல்லாம் தோல் உரிவதுபோல் உரியும்.

வடமராட்சியில் நாற்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்து, முதுமையில் மகளுடன் இலண்டனில் வாழும் ஓர் ஓடாவியாரிடம் இதுபற்றி வினவினோம். "மாஸ்ரர், பூச்சில வேலை இல்லை. பூச முந்திச் செய்யிறதுதான் வேலை. கண்ணாடியில சுண்ணாம்பு அடிச்சா நிக்குமோ?" என்றார். இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவதும் அதுவே.

எதனை எடுக்கலாம், எதனை விடலாம்?

முதலிற் பலகையின் அடிப்பாகத்தையும் பின்புறத்தையும் பாருங்கள். நீர் குடித்த மரத்தூள் பலகை பாண் போல ஊதியிருக்கும். ஊதியது மீண்டும் சுருங்காது. ஓரத்தில் ஓர் அங்குலம் மட்டும் ஊதியிருந்தால் அதனைச் செதுக்கி நிரப்பலாம். அடிப்பலகை முழுவதும் ஊதியிருந்தால் விட்டுவிடுங்கள். பிணைச்சல் ஆணிகள் பிடிப்பின்றிக் கழன்றிருந்தால் அஞ்ச வேண்டாம். பசை தடவிய மரக்குச்சிகளைத் துளையில் இறுக்கி, உலர்ந்தபின் மீண்டும் திருகாணியை ஏற்றலாம்.

மூட்டைப்பூச்சி இலண்டனில் அரிதன்று. ஆணித் துளைகள், லாச்சியின் உட்புற மூலைகள், பின்பலகையின் இடுக்கு ஆகியவற்றிற் கரும்புள்ளிகள் உள்ளனவா என மின்சூளால் ஒளி பாய்ச்சிப் பார்த்த பின்னரே வீட்டுக்குட் கொண்டு வாருங்கள். தெருவில் நின்ற மெத்தையையும் துணி போர்த்த கதிரையையும் தொடாதிருப்பதே நன்று.

துணி போர்த்த தளபாடங்களுக்கு மற்றொரு விதியும் உண்டு. 1979இல் மன்செஸ்ரர் நகரின் வூல்வேத்ஸ் கடையில், தளபாடப் பிரிவில் மூண்ட தீ பத்து உயிர்களைக் கவர்ந்தது. பஞ்சு நிரப்பிய இருக்கைகள் எரியும்போது எழும் நச்சுப்புகையின் கொடுமையை நாடு அன்று உணர்ந்தது. 1988ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு விதிகள் இவ்வகைத் தளபாடத்துக்குக் கடுமையான தரங்களை வகுத்தன. அதனாலேயே, தீத்தடுப்புச் சீட்டில்லாத சோபாவைத் தொண்டுக் கடைகள் ஏற்பதில்லை. மர அலுமாரிக்கும் மேசைக்கும் இவ்விதி பொருந்தாது.

பழைய வர்ணம் பூசிய முழுமரத் தளபாடம் கிடைத்தாற் கவனம் தேவை. 1960களுக்கு முற்பட்ட பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதனை உலர்நிலையில் தேய்த்துத் தூசு கிளப்புவது குழந்தைகளுக்குப் பெருங்கேடு.

தெருவில் நிற்பதை எடுக்கும் முன்னர், வீட்டின் கதவைத் தட்டி ஒரு சொல் கேட்பது முறை. இதனிலும் நல்ல வழி, தொண்டு நிறுவனங்களின் தளபாடக் கடைகள். பிறிற்றிஷ் ஹார்ட் பவுண்டேசன், எமவுஸ் ஆகியன பழைய தளபாடங்களைக் குறைந்த விலைக்கு விற்கின்றன. எமவுஸ் இயக்கம் 1949இல் பிரான்சில் அபே பியர் என்னும் துறவியால் வீடற்றோருக்காகத் தொடங்கப்பட்டது என்பதைப் பாரிஸ் வாசகர்கள் அறிவர்.

வேலை முறை

இரண்டு நாட்களை ஒதுக்குங்கள். அறையின் வெப்பம் 10 பாகை செல்சியசுக்குக் குறையாதிருக்க வேண்டும். மார்கழிக் குளிரில், சூடேற்றாத அறையிற் பூசியது சரியாக இறுகாது.

முதலில், கதவுகளையும் லாச்சிகளையும் கைபிடிகளையும் கழற்றி, எந்தத் திருகாணி எதற்குரியது என உறையில் இட்டுக் குறித்து வையுங்கள்.

அடுத்தது கழுவுதல். எமது சமையலறைத் தளபாடங்களில் ஆண்டுக்கணக்கான தாளிதத்தின் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது படிந்திருக்கும். சுகர் சோப் என்ற பெயரிற் கடைகளிற் கிடைக்கும் கழுவுபொருளைப் பயன்படுத்துக. பெயரிற் சீனி இருப்பினும் பொருளில் இல்லை. அதன் தூள் சீனி போலத் தோன்றியதால் வந்த பெயர் அது. கையுறை அணிந்து கழுவி, பின்னர் வெறும் நீரால் இரண்டு முறை துடைத்து நன்கு உலர விடுங்கள். முன்னர் இருந்தோர் பளபளப்பூட்டும் தெளிப்பான் அடித்திருந்தால், அதிலுள்ள சிலிக்கன் பூச்சை ஒதுக்கி மீன்கண் போன்ற வட்டங்களை உண்டாக்கும். கழுவுவதில் மனம் சலிக்கலாகாது.

மூன்றாவது, தேய்த்தல். 180 இலக்க அரத்தாளால் மேற்பரப்பின் பளபளப்பு நீங்கும்வரை மட்டும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். மரவரித் தாள் கிழிந்து பழுப்புப் பலகை தெரியும்வரை தேய்ப்பது தவறு. கண்ணாடி போன்ற பரப்பு, மூச்சுப் பட்ட கண்ணாடி போல மங்கினாற் போதும். இதனை வெளியிலோ யன்னல் திறந்த அறையிலோ முகக்கவசம் அணிந்து செய்க. இப்பலகைகளின் பசையிற் போமல்டிகைட் உண்டு. அதன் தூசு நெஞ்சுக்கு ஆகாது. உடைந்த ஓரங்களை மரநிரப்பியால் நிரப்பி, இறுகியபின் சமமாகத் தேயுங்கள். ஈரத்துணியால் தூசைத் துடைத்து மீண்டும் உலர விடுங்கள்.

நான்காவது, முதற்பூச்சு. வழுவழுப்பான பரப்பைப் பற்றிப்பிடிக்கும் தன்மை கொண்டதெனத் தகரத்தில் எழுதப்பட்ட முதற்பூச்சையே வாங்குக. அவற்றுள் மிக உறுதியானது செல்லாக் சேர்ந்தது. செல்லாக் என்பது எமக்குப் புதிய பொருளன்று; மரங்களில் வாழும் ஒருவகைப் பூச்சி சுரக்கும் அரக்கே அது. இந்தியக் காடுகளிலிருந்து சென்ற அந்த அரக்கிலிருந்தே ஒரு காலத்தில் இசைத்தட்டுகளும் செய்யப்பட்டன. அது பளிங்கு போன்ற பரப்பிலும் பற்றும். பழைய கறையும் மணமும் மேலெழாமல் தடுக்கும். ஒரு மணி நேரத்துள் அடுத்த பூச்சுக்கு ஆயத்தமாகும். ஆயின் அது மதுசாரத்திற் கரைக்கப்பட்டது. பாண்டவருக்குக் கட்டிய அரக்கு மாளிகையின் கதையை மறவாதீர். யன்னல்களைத் திறந்து, அடுப்பையும் சாமி விளக்கையும் அணைத்து, குழந்தைகளை வேறிடம் அனுப்பிய பின்னரே பூச வேண்டும். இவ்வசதி இல்லாதோர் நீர் கலந்த முதற்பூச்சை வாங்கி, ஓர் இரவு முழுவதும் உலர விடலாம்.

ஐந்தாவது, வெண்கட்டிப் பூச்சு. மெல்லியதாக இரண்டு முறை பூசுக; தடிப்பாக ஒரு முறை பூசுவது கூடாது. முதல் முறை பூசியதும் திட்டுத் திட்டாகத் தோன்றும், மனந்தளர வேண்டாம். இரண்டாம் பூச்சில் அது சீராகும். மூலைகளிலிருந்து தொடங்கி, நீண்ட வீச்சாக ஒரே திசையில் தூரிகையை இழுத்து முடிக்க வேண்டும். கதவின் உட்புறத்தில் ஓர் அங்குல இடத்தை முதலிற் பூசி, மறுநாள் அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென இழுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. பூச்சு நாடாவுடன் வராவிடின் எஞ்சியதைத் துணிந்து பூசலாம்.

ஆறாவது, காப்பு. இப்பூச்சு நுண்துளைகள் கொண்டது. காப்பின்றி விட்டால் ஒரு துளி தேநீரும் கறையாகும். படுக்கையறை அலுமாரிக்கு நிறமற்ற மெழுகு போதும். துணியாற் சிறிது சிறிதாகத் தேய்த்து, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். சாப்பாட்டு மேசைக்கும் சமையலறைக் கதவுகளுக்கும் மெழுகு ஆகாது. சூடான கோப்பை அதனை இளக்கும். அவற்றுக்கு நீர் கலந்த வார்னிஷ் இரண்டு அல்லது மூன்று முறை பூசுக. ஒரு முறை மெழுகிட்டால் அதன்மேல் வார்னிஷ் பிடிக்காது. ஆகவே எதனை இடுவது என்பதை முன்னரே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

இறுதியாக, பொறுமை. தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். முழு இறுக்கம் வர இரண்டு முதல் மூன்று வாரம் செல்லும். அதுவரை பாரம் ஏற்றாமலும் ஈரத்துணியால் அழுத்தித் துடைக்காமலும் இருங்கள். எமது அடுக்குமாடி வீடுகளின் வெளிச்சுவர்களில் ஈரம் கசிவது வழமையாதலால், அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வைப்பது பூஞ்சணத்தைத் தடுக்கும். உயரமான லாச்சிப் பெட்டியைச் சுவருடன் பட்டியாற் பிணைப்பது அவசியம். லாச்சிகளை ஏணிப்படியாக்கி ஏறும் சிறுவர்மேல் அவை கவிழ்ந்த துயரச் சம்பவங்கள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. குழந்தையின் தொட்டிலைப் பூச விரும்புவோர், விளையாட்டுப் பொருட்களுக்கு ஏற்றதெனக் குறிப்பிட்ட பூச்சையும் காப்பையும் மட்டுமே வாங்க வேண்டும்.

செலவு எவ்வளவு?

1.8 மீற்றர் உயரமும் 1 மீற்றர் அகலமும் அரை மீற்றர் ஆழமும் உள்ள அலுமாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்புறமும் இரு பக்கங்களும் சேர்ந்து 3.6 சதுர மீற்றர். இரண்டு முறை பூசினால் 7.2 சதுர மீற்றர். அனி ஸ்லோன் நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லீற்றர் ஏறத்தாழ 13 சதுர மீற்றருக்குப் போதும். ஆகவே ஒரு லீற்றர் தகரம் ஓர் அலுமாரியையும் ஒரு லாச்சிப் பெட்டியையும் முடித்துவிடும். பெயின்ற், முதற்பூச்சு, காப்பு, அரத்தாள், தூரிகை ஆகிய அனைத்தையும் தனியொருவர் ஓர் அலுமாரிக்காக மட்டும் வாங்கினால், தொண்டுக் கடையின் அலுமாரி விலையை விடச் செலவு கூடிவிடவும் இடமுண்டு. இதனை மறைக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் மட்டுமே கணக்கு எமது பக்கம் சாயும். எஞ்சிய பெயின்றைச் சேகரித்து மலிவாக வழங்கும் கம்யூனிற்றி றீபெயின்ற் என்னும் வலையமைப்பும் இந்நாட்டில் உண்டு. அங்கு கிடைப்பது பெரும்பாலும் சாதாரணப் பூச்சே. எனினும் முதற்பூச்சு சரியாக இட்டிருந்தால், மரவேலைக்குரிய எந்த நீர்ப்பூச்சும் லமினேற்றில் நிற்கும்.

சட்டம் குறித்து ஒரு சொல்

1999ஆம் ஆண்டின் குடிவரவு, தஞ்சச் சட்டத்தின் பின்னர், 2000 முதல் தஞ்சம் கோரியோர் பலர் இலண்டனுக்கு வெளியே பல நகரங்களில் அரசு ஒழுங்கு செய்யும் வீடுகளிற் குடியமர்த்தப்பட்டனர். அவ்வீடுகளிலுள்ள தளபாடம் எமதன்று. அதில் ஒரு துளி பெயின்ற் படுவதும் முறைப்பாடாகலாம். தளபாடத்துடன் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கும் இது பொருந்தும். வீட்டுக்காரரின் எழுத்து மூல இணக்கம் இன்றித் தூரிகையைத் தொடாதீர்கள்.

தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் உள்ளோர் பெரும்பாலும் வேலை செய்யும் அனுமதி அற்றவர்கள். தமது அலுமாரியைத் தாம் பூசுவது வேலையாகாது. பிறரது அலுமாரியைக் கூலிக்குப் பூசுவதும், பூசியதை விற்பதும் வேலையாகக் கருதப்படக்கூடும். அது வழக்கையே பாதிக்கும். பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் ஊதியமின்றித் தொண்டாற்றுவதற்குத் தடையில்லை. ஐயம் இருப்பின் உங்கள் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நன்று.

எமது சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஊரில் ஓடாவியாராக மதிக்கப்பட்ட பலர் இன்று இலண்டனில் எண்ணெய் நிரப்பு நிலையங்களிலும் அங்காடிகளிலும் இரவுப் பணி புரிகின்றனர். அவர்களது கைத்திறனுக்கு இங்கு சான்றிதழ் இல்லை. ஆகவே மதிப்பும் இல்லை. மறுபுறம், இங்கு பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகளில் ஒரு திருகாணியைத் திருப்பத் தெரிந்தோர் சிலரே. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலைகள் நடக்கும் மண்டபங்களில், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம் முழுவதும் பெற்றோர் வாயிலிற் காத்து நிற்கின்றனர். அந்நேரத்தில், நிர்வாகத்தின் அனுமதியுடன், மாதம் ஒரு முறையேனும் ஒரு பழைய அலுமாரியை நடுவில் வைத்து, ஓர் ஓடாவியாரை அழைத்து, வளர்ந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு பயிற்சி நடத்தினால் என்ன? பழைய மாணவர் சங்கங்களின் இராப்போசன விருந்துக்குச் செலவாகும் தொகையில் ஒரு சிறு பங்கு, தேய்க்கும் பொறி ஒன்றுக்கும் பொதுவான பெயின்றுக்கும் போதுமானது. அங்கு புதுப்பிக்கப்படும் முதல் அலுமாரி, அம்மாதம் வெறும் வீட்டிற்கு வந்துசேர்ந்த குடும்பமொன்றுக்குப் போகட்டும்.

இதனை முன்னெடுக்க விரும்பும் சங்கங்கள், கோடைக்குள் தொடங்குவது நன்று. மழையும் குளிரும் வந்தபின் கதவைத் திறந்து வைத்துத் தேய்ப்பது கடினம், பூச்சும் காயாது.